பழைய சோலார் சிஸ்டத்தைக் கழற்றி இறக்குவது: எது முதலில், எது கடைசியில், எதை யாரிடம் கொடுப்பது?

தெற்குக்கூரை:

கூரை மேல் 13 வருடமாக இருக்கும் சோலார் அமைப்பு ஒன்றை முழுதாக இறக்க வேண்டும். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரும் உதவிக்கு இருவரும் வேலை செய்வார்கள். கழற்றும் வரிசையையும், இறக்கியவை எங்கே போக வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளக் கேட்கிறேன்.

இருப்பது: 250 வாட் பாலிகிரிஸ்டலின் பேனல் 10 (60 செல்), எல்லாம் ஒரே சீரிஸ் ஸ்ட்ரிங் (ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த வரிசை). 4 சதுர மில்லிமீட்டர் டிசி கேபிள் கீழே வந்து, ஐசொலேட்டர் (பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்குப் போகிறது. இன்வெர்ட்டர் நடுவில் ஒருமுறை மாற்றப்பட்டது. பேட்டரி 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) டியூபுலர் ஈய-ஆசிட் 4, சீரிஸில் 48 வோல்ட். கிரிட் இணைப்பும் உண்டு.

கோளாறுகள்: இரண்டு பேனல்களில் கண்ணாடி முழுக்க விரிசல், ஆனால் உதிரவில்லை. ஈரமான காலை நேரங்களில் இன்வெர்ட்டர் ‘ஐசொலேஷன் ஃபால்ட்’ (டிசி பக்கம் எர்த்துக்குக் கசிகிறது என்ற எச்சரிக்கை) காட்டி நின்றுவிடும். ஒரு பேட்டரி பக்கவாட்டில் உப்பி, மூடியோரம் கசிகிறது.

ஐசொலேட்டரை ஆஃப் செய்துவிட்டு, பேனல் பக்க முனைகளில் வெயிலில் எடுத்த அளவுகள்: பிளஸ்–மைனஸ் 372 வோல்ட், பிளஸ்–எர்த் 148, மைனஸ்–எர்த் 224. எண்கள் இறங்காமல் அப்படியே நிற்கின்றன.

எங்கே தொடங்குவது? உடைந்த பேனலை எப்படித் தொடுவது? நல்ல பேனல்களை வேறெங்காவது பயன்படுத்த முடியுமா?


ஓம்விதி:

அந்த மூன்று அளவுகளைக் கொடுத்தது நல்லதாயிற்று. பாதி விடை அதிலேயே இருக்கிறது.

148-ஐயும் 224-ஐயும் கூட்டினால் 372, அதாவது முழு ஸ்ட்ரிங் வோல்டேஜ். குறையில்லாத ஸ்ட்ரிங்கில் எர்த்துக்கு அளந்தால் எண் கொஞ்ச நேரத்தில் பூஜ்யத்தை நோக்கி இறங்கிவிடும். இறங்காமல் நின்று, கூட்டுத்தொகையும் முழு வோல்டேஜுக்குச் சமமாக வந்தால், கண்டக்டர் ஓரிடத்தில் எர்த்தோடு நன்றாகவே சேர்ந்திருக்கிறது. ஒரு பேனலுக்கு 37.2 வோல்ட். 148-ஐ 37.2-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 4. ஆகவே பிளஸ் முனையிலிருந்து 4-வது பேனலும் 5-வது பேனலும் சேரும் இடத்தைப் பாருங்கள். உடைந்த பேனல்களில் ஒன்று அங்கே இருக்கலாம், அல்லது கேபிள் ஃபிரேம் விளிம்பில் உரசி உறை கிழிந்திருக்கலாம். எண்ணும்போது கேபிள் ஓடும் வழியில் எண்ணுங்கள். சில இடங்களில் ஒன்று விட்டு ஒன்று இணைத்திருப்பார்கள். கூரையில் அடுக்கிய வரிசையை நம்பினால் தவறான பேனலில் போய் நிற்பீர்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஐசொலேட்டர் ஆஃபில் இருந்தாலும் மைனஸ் முனையை ஒரு கையிலும் பேனல் ஃபிரேமை இன்னொரு கையிலும் தொடுபவர் உடம்பில் 224 வோல்ட் டிசி பாயும். அதனால் எர்த் ஒயரைக் கடைசி பேனல் இறங்கும்வரை அவிழ்க்காதீர்கள். முதலிலேயே அதைக் கழற்றிவிட்டால், உறை கிழிந்த கேபிள் தொடும் ஃபிரேமும், பேனல்களைத் தாங்கும் ரெயிலும் எந்த வோல்டேஜில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வரிசை இப்படி. வீட்டு லோடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஏசி அவுட்புட், பிறகு கிரிட் பக்க ஏசி பிரேக்கர், அதன்பின் டிசி ஐசொலேட்டர், இன்வெர்ட்டர் சுவிட்ச், கடைசியில் பேட்டரி பிரேக்கர். பேனலுக்கு முன்னால் பேட்டரியைப் பிடுங்கவே கூடாது: வெயிலில் சார்ஜ் ஓடும்போது பேட்டரி போய்விட்டால், அந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரின் வெளியீட்டு வோல்டேஜ் குதித்து உள்ளே இருப்பதை எரித்துவிடும். பிரேக்கர்களைப் பூட்டி, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று அட்டை மாட்டுங்கள். பிறகு இன்வெர்ட்டர் மேல் அச்சிட்டிருக்கும் காத்திருப்பு நேரம், பெரும்பாலும் 5 அல்லது 10 நிமிடம், முழுதாகப் போக வேண்டும். உள்ளே கெப்பாசிட்டர்கள் அதுவரை சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். மூடியைத் திறந்ததும் டிசி முனைகளில் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

இனி கூரை. எம்சி4 கனெக்டரை (பேனல் கேபிள்களை இணைக்கும் பிளக்) கரண்ட் ஓடும்போது இழுப்பதுதான் இந்த வேலையின் பெரிய ஆபத்து. 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைக் கடக்கும், அதனால் அதில் எழும் பொறி தானாக அணைய வாய்ப்புண்டு. டிசியில் பூஜ்யமே வராது; இடைவெளி விழுந்தாலும் ஆர்க் நீண்டுகொண்டே போய் கனெக்டரையும் கையையும் சேர்த்துச் சுடும். ஆகவே ஒவ்வொரு கனெக்டரையும் பிரிக்கும் முன் அந்தக் கேபிளில் கிளாம்ப் மீட்டர் (கேபிளைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளப்பது) வையுங்கள். ஐசொலேட்டர் ஆஃப், ஒரே ஒரு எர்த் ஃபால்ட் என்றால் கரண்ட் இருக்காது. ஆனால் உங்களிடம் உடைந்தவை இரண்டு. இரண்டாவது இடத்திலும் எர்த் தொட்டிருந்தால், அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள பேனல்கள் எர்த் வழியாகவே ஒரு சுற்றை முடித்துக்கொண்டு கரண்ட் ஓட்டும். கீழே ஐசொலேட்டரில் அளந்தால் அது தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு இணைப்பிலும் அளக்கச் சொல்வது.

கிளாம்ப் மீட்டர் டிசி அளப்பதாக இருக்க வேண்டும். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப், 8 ஆம்ப் டிசி ஓடினாலும் பூஜ்யம்தான் காட்டும். பூஜ்யம் பார்த்துவிட்டோம் என்று நம்பி இழுப்பவருக்குத்தான் அடி. டிசி கிளாம்பிலும் ஒவ்வொரு முறையும் ஜீரோ பட்டனை அழுத்திவிட்டு வையுங்கள்.

கரண்ட் பூஜ்யம் என்று தெரிந்ததும் 5-வது, 6-வது பேனலுக்கு நடுவில் முதல் இணைப்பைப் பிரியுங்கள். 372 வோல்ட் இரண்டு 186 ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு பாதியையும் மேலும் பிரியுங்கள். எம்சி4 ஸ்பேனரால்தான் பிரிக்க வேண்டும். 13 வருட வெயிலில் அந்தக் கொக்கிகள் மொறமொறத்துப் போயிருக்கும், கட்டிங் பிளேயரால் நெருடினால் உடைந்து உள்ளே உலோகம் வெளியே தெரியும். பிரித்த முனைகளில் மூடி போடுங்கள், இல்லையென்றால் தனித்தனியே டேப் சுற்றுங்கள். ஒரே பேனலின் பிளஸையும் மைனஸையும் ஒன்றோடொன்று மாட்டி வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. பேனலுக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் அதைப் பிறகு வெயிலில் யாராவது பிரித்தால் 8 ஆம்ப் பொறி அவர் கையில்.

கீழே இறங்கும் கேபிளை இரண்டு முனையும் கழன்ற பிறகே வெட்டுங்கள், அப்போதும் ஒரு நேரத்தில் ஒரு ஒயர். பிளஸும் மைனஸும் சேர்த்து ஒரே கட்டரில் வெட்டினால் கட்டரின் வாய்தான் ஷார்ட்.

கையுறை: மின்சாரம் தடுக்கும் கிளாஸ் 0 ரப்பர், அதன் மேல் தோல் கையுறை. மீட்டரும் அதன் ஒயர்களும் கேட் 3, 1000 வோல்ட் பாதுகாப்புத் தரம்.


நிழற்குடை:

இவ்வளவு சிக்கல் எதற்கு? ராத்திரியில் கழற்றினால் வோல்டேஜே இருக்காதே. இல்லாவிட்டால் கருப்புத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வேலை செய்யலாம்.


ஓம்விதி:

நிழற்குடை, தார்ப்பாய் உதவும், ஆனால் அதை நம்பி மீட்டரை விட்டுவிடக் கூடாது. வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் கரண்ட் பத்தில் ஒன்றாகும், வோல்டேஜ் அப்படிக் குறையாது. முழு வெயிலில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்போதும் நிற்கும். ஓரத்தில் காற்று தூக்கினால் கரண்ட்டும் திரும்பிவிடும். எங்காவது கரண்ட் ஓடுவதாக கிளாம்ப் காட்டினால், அந்தப் பகுதியை ஒளி புகாத துணியால் இறுக்கி மூடி, மறுபடி அளந்து, பூஜ்யம் வந்த பிறகு பிரிப்பது சரியான பயன்பாடு.

இரவு வேண்டாம். மின்சாரம் இல்லைதான், ஆனால் இருட்டில் சரிவுக் கூரையில் 19 கிலோ கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நடப்பது அதைவிட மோசம். விடிந்து கொஞ்ச நேரத்தில் தொடங்கலாம். கூரை காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தெற்குக்கூரையின் சிஸ்டத்தில் ஈரம் இருக்கும்போதுதான் ஃபால்ட் வருகிறது, அதை மறக்க வேண்டாம்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். பேனலின் பரப்பு 1.6 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதை நேராக அடித்தால் தள்ளும் விசை சுமார் 10 கிலோ. 54 கிலோமீட்டரில் 20 கிலோவைத் தாண்டும். ஒரு பேனலுக்கு இரண்டு பேர், இருவருக்கும் பாதுகாப்புக் கயிறு. இரண்டு பேனல்களைச் சேர்த்து ரெயிலில் பிடிக்கும் நடு கிளாம்ப் ஒன்றைத் தளர்த்தினால் பக்கத்துப் பேனலும் சேர்ந்து விடுபடும். ஓரத்திலிருந்து வரிசையாக வாருங்கள், தளர்த்துவதற்கு முன் ஒருவர் பேனலைப் பிடித்திருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் இத்தனை வருடத்தில் மரையோடு மரை கடித்துப் பிடித்திருக்கும். மெதுவாக எண்ணெய் விட்டு, வராவிட்டால் நட்டை வெட்டிவிடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் தெறித்தால் புள்ளி புள்ளியாகப் பொசுங்கும், அதனால் நல்ல பேனல் பக்கத்தில் கிரைண்டர் வேண்டாம்.


ஈயத்தட்டு:

பேட்டரி பற்றி யாரும் சொல்லவில்லை. எடையும் ஆசிடும் ஷார்ட்டும் மூன்றும் ஒன்றாக இருக்கும் இடம் அதுதான்.

உப்பிய பேட்டரியை இப்போதே சார்ஜிலிருந்து எடுக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள், கழற்றும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். சீரிஸில் ஒன்று கெட்டால் சார்ஜர் 48 வோல்ட் மொத்தத்தைத்தான் பார்க்கும்; செல் ஷார்ட்டான பேட்டரி குறைவாக எடுக்க, மற்ற மூன்றும் அளவுக்கு மேல் சார்ஜாகி ஹைட்ரஜன் கக்கும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். சார்ஜை நிறுத்தி, கதவு ஜன்னல் திறந்து சில மணி நேரம் விட்ட பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

பேட்டரி பிரேக்கர் ஆஃப் ஆனதும் நடு லிங்க்கை, அதாவது 2-வதையும் 3-வதையும் இணைப்பதை முதலில் கழற்றுங்கள். 48 வோல்ட் இரண்டு 24 ஆகிவிடும். 48 வோல்ட்டில் ஷாக் பெரிதில்லை என்று அலட்சியம் செய்பவர்கள் உண்டு. 150 ஏஎச் பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரு ஸ்பேனர் தொட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் ஓடும். ஸ்பேனர் சிவந்து ஒட்டிக்கொள்ளும், ஈய முனை உருகித் தெறிக்கும். பிடி மட்டுமல்ல, ஸ்பேனரின் உடம்பு முழுவதும் டேப் சுற்றி, வாய் மட்டும் வெளியே தெரியும்படி செய்யுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றிவிட வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், சாதாரணக் கண்ணாடி அல்ல, பக்கமும் மூடியது.

முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சுரண்டாதீர்கள். சோடா உப்பு கரைத்த தண்ணீரை ஊற்றி, நுரை அடங்கும்வரை பொறுத்துத் துடையுங்கள். மூடித் துளைகள் வழியாக அது உள்ளே போகக் கூடாது. ஆசிட் தரையில் கொட்டினால் எவ்வளவு சோடா வேண்டும் என்று தோராயமாகத் தெரிந்திருப்பது நல்லது: சார்ஜான பேட்டரியின் ஆசிட் ஒரு லிட்டருக்கு முக்கால் கிலோ. அதைவிடக் குறைவாகப் போட்டு நுரை நின்றதும் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்; கிளறிவிட்டு மறுபடி தூவினால் நுரைக்கிறதா என்று பாருங்கள். நான்கைந்து கிலோ கைவசம் வைத்திருங்கள்.

ஒரு பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர், பட்டை போட்டுத் தூக்க வேண்டும். உப்பியதை அதன் கைப்பிடியில் தூக்காதீர்கள், மேல்மூடி பெயர்ந்து வரும். அதை ஆசிட் தாங்கும் பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிமிர்த்தி உட்காரவைத்து, தொட்டியோடு நகர்த்துங்கள்.

காயலான் வியாபாரி ‘ஆசிடைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள்’ என்று கேட்டால் கொடுக்கவே வேண்டாம். அந்தத் திரவத்தில் ஈயமும் கரைந்திருக்கிறது. மண்ணில் ஊற்றினால் அங்கேயே தங்கிவிடும், சோடா ஆசிடை மட்டும்தான் அடக்கும், ஈயத்தை அல்ல. மூடி போட்டு, ஆசிடோடு, நிமிர்த்தி, அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கோ பேட்டரி விற்கும் டீலருக்கோ போக வேண்டும். ஈயம் திரும்பத் திரும்ப உருக்கிப் பயன்படும், அதனால் முழு பேட்டரிக்கு எப்போதும் மதிப்புண்டு. கொல்லையில் வைத்து உருக்குபவர் கையில் அது போகாமல் பார்ப்பது உரிமையாளர் பொறுப்பு. அந்தப் புகை முதலில் தாக்குவது குழந்தைகளை.

இதைப் படிப்பவர்களில் லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உப்பியிருந்தால் சார்ஜ் செய்யாதீர்கள், குத்தாதீர்கள், பேக்கைப் பிரிக்காதீர்கள். முனைகளைத் தனித்தனியே டேப் போட்டு, எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத திறந்தவெளியில் மழை படாமல் வைத்து, எடுத்துச் செல்லத் தெரிந்தவரை வரவழையுங்கள். ஈய பேட்டரிகளோடு ஒரே வண்டியில் கலந்து ஏற்றக் கூடாது.


தெற்குக்கூரை:

ஓம்விதி சொன்னபடி கேபிள் வழியில் எண்ணிப் பார்த்தோம். உடைந்த இரண்டில் ஒன்று பிளஸிலிருந்து 4-வது. ஈயத்தட்டு, பேட்டரி வரிசை சார்ஜிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது.

மீதி 8 பேனல் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. பழைய இரும்பு எடுப்பவர் அலுமினிய ஃபிரேமையும் கேபிளையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கண்ணாடியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். கொடுக்கலாமா?


சில்லுக்கண்ணாடி:

கொடுக்காதீர்கள். ஃபிரேமை உருவினால் கண்ணாடி நொறுங்கும், அல்லது விளிம்பு பிளந்து ஈரம் ஏறும். அதன்பின் அந்தப் பேனலை யாரும் மறுபடி பயன்படுத்தவும் முடியாது, மறுசுழற்சிக்கு ஏற்றிச் செல்வதும் கடினம். இந்த அளவு பேனலில் எடையில் முக்கால் பங்கு, 13 கிலோவுக்கு மேல், கண்ணாடி. அலுமினியம் பத்தில் ஒன்று. மீதி இவிஏ (செல்களைக் கண்ணாடியோடு ஒட்டும் பிளாஸ்டிக்), பின்புற பிளாஸ்டிக் ஷீட், கொஞ்சம் சிலிக்கான், கொஞ்சம் செம்பு, மிகச் சிறிதளவு வெள்ளி, பற்றவைப்பில் சில கிராம் ஈயம். லாபம் தரும் அலுமினியமும் செம்பும் போய்விட்டால், மிஞ்சிய கண்ணாடிப் பலகையை எடுக்க யாரும் வரமாட்டார்கள். அது பள்ளத்தில் போய் விழும், ஈயத்தோடு. முழுதாகக் கொடுத்தால்தான் முழுதாகப் போகும்.

எரிப்பதும் கூடாது. பின்புற ஷீட் பலவற்றில் ஃப்ளூரின் கலந்த பிளாஸ்டிக் உண்டு, எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வரும். செம்புக்காக கேபிள் உறையைக் கொளுத்துவதும் அதே மாதிரி விஷம். உறை உரிக்கும் கருவி இருக்கும்போது தீ எதற்கு?

8 பேனல்களையும் தூக்கி எறிவதற்கு முன் சோதியுங்கள். ஒவ்வொன்றாக, ஒரே சாய்வில், ஒரே வெயிலில், சில நிமிட இடைவெளிக்குள் அளக்க வேண்டும், மேகம் வந்தால் நிறுத்துங்கள். ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் மற்றவை 37 காட்டும்போது ஒன்று மட்டும் 25 அளவில் நின்றால், உள்ளே உள்ள 3 பைபாஸ் டயோடுகளில் (குறையுள்ள செல்களைத் தாண்டிக் கரண்டைக் கடத்துபவை) ஒன்று ஷார்ட்டாகி 20 செல் விலகியிருக்கிறது. ஜங்ஷன் பாக்ஸ் திறக்கக்கூடியதாக இருந்தால் டயோடு மாற்றலாம். பசை ஊற்றி அடைத்ததென்றால் விட்டுவிடுங்கள்.

ஆனால் வோல்டேஜும் ஷார்ட் சர்க்யூட் கரண்டும் சரியாக இருப்பதாலேயே பேனல் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. வயதான பேனலில் ரிப்பன் பற்றவைப்பு தளர்ந்து உள் ரெசிஸ்டன்ஸ் கூடியிருக்கும். லோடு கொடுத்தால்தான் அது வெளியே வரும். எம்பிபிடி கன்ட்ரோலரில் (பேனலிலிருந்து அதிகபட்ச வாட்டை எடுக்கும் சார்ஜர்) ஒவ்வொன்றாக மாட்டி வாட் பார்த்து, எட்டையும் ஒப்பிடுங்கள். பேனல்கள் வருடத்துக்கு அரை சதவீதம் போல இறங்குவது இயல்பு, அதனால் 13 வருடத்தில் 6, 7 சதவீதக் குறைவைக் குறையாக நினைக்க வேண்டாம். கூட்டத்திலிருந்து விலகி நிற்பதை மட்டும் ஒதுக்குங்கள். மறுபடி சீரிஸில் போடும்போது கரண்ட் குறைந்த பேனல்தான் வரிசை முழுவதையும் பிடித்து இழுக்கும்.

பின்பக்கத்தைத் திருப்பி விரலால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டினால் ஷீட் நலிந்துகொண்டிருக்கிறது. செல் இடைவெளிகளை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் அந்தப் பேனல் எவ்வளவு வாட் கொடுத்தாலும் மறுபயன்பாட்டுக்கு இல்லை, மழையில் எர்த் ஃபால்ட் நிச்சயம். சந்தேகம் தீர இன்சுலேஷன் சோதனை: பேனலை மூடிவிட்டு, அதன் பிளஸையும் மைனஸையும் சேர்த்து, ஃபிரேமோடு மெக்கர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் மீட்டர்) வையுங்கள். சதுர மீட்டருக்கு 40 மெகா ஓம் என்ற அளவுகோலில் 1.6 சதுர மீட்டர் பேனல் குறைந்தது 25 மெகா ஓம் காட்ட வேண்டும். தேறியவை கிணற்றுப் பம்புக்கோ பேட்டரி சார்ஜுக்கோ தாராளமாக ஓடும்.

உடைந்த இரண்டும் வெயில் பட்டால் இப்போதும் மின்சாரம் தரும். முதலில் கண்ணாடி மேல் அகலமான டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, இறக்கியதும் தடித்த பிளாஸ்டிக் தாளில் முழுதாகச் சுற்றுங்கள். விழுந்த சில்லுகளைக் கூரையிலிருந்து பெருக்கி எடுத்து ஒரு மூட்டையாகக் கட்டி, அவையும் பேனலோடு போகட்டும். நல்லவற்றோடு கலக்காமல் ‘உடைந்தது’ என்று எழுதி வையுங்கள்.

ஏற்றும்போது பேனல்களை நீளப் பக்கம் கீழே இருக்க நிறுத்தி, நடுவில் அட்டை கொடுத்து, பட்டையால் இறுக்கினால் போதும். மேலே எதையும் வைக்காதீர்கள், யாரும் ஏறி உட்காரவும் கூடாது. அப்படிச் செய்தால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாமலே உள்ளே செல் மயிரிழையாக விரியும். அது கண்ணுக்குத் தெரியாது, வாட்டில் தெரியும்.

யாரிடம் கொடுப்பது என்றால், முதலில் பேனல் பின்னால் உள்ள லேபிளைப் படம் எடுத்து, தயாரிப்பாளரிடமோ விற்றவரிடமோ திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2012-லேயே பேனல்களை மின்கழிவுச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. இந்தியாவின் 2022 மின்கழிவு விதிகளிலும் பேனல் இருக்கிறது. இல்லையென்றால் மின்கழிவு உரிமம் உள்ள மறுசுழற்சியாளர். ஒப்படைத்ததற்கு எடை, எண்ணிக்கை, சீரியல் எண் போட்ட ரசீது வாங்குங்கள். 2050 வாக்கில் உலகில் சேரும் பேனல் கழிவு 7 கோடியே 80 லட்சம் டன் வரை போகலாம் என்று சர்வதேச புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2016-ல் கணித்தது. எந்தப் பேனல் எங்கே போனது என்ற தடம் இப்போதே இல்லாவிட்டால் அப்போது தேடிப் பிடிக்க முடியாது.

உங்களுடையது சிலிக்கான் என்பதால் காட்மியம் பிரச்சினை இல்லை. செல் கட்டங்களே இல்லாமல் ஒரே கருப்பாக இருக்கும் மெல்லிய படல பேனல் யாரிடமாவது இருந்தால், அது காட்மியம் டெல்லூரைடாக இருக்கலாம். உடைக்காமல் அதன் தயாரிப்பாளருக்கே திருப்புங்கள்.


ஓம்விதி:

இரண்டு விட்டுப்போனவை. கிரிட் இணைப்பை நீக்கவும் நெட் மீட்டரை (கிரிட்டுக்குக் கொடுத்ததையும் எடுத்ததையும் கணக்கிடும் மீட்டர்) மாற்றவும் மின் விநியோக நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், மீட்டர் பக்கத்தை அவர்கள் ஆள்தான் தொட வேண்டும். இன்வெர்ட்டர் போன பிறகு போர்டில் மிஞ்சும் ஏசி ஒயரை இரு முனையிலும் கழற்றுங்கள். சும்மா டேப் சுற்றி விட்டால் பின்னால் வருபவர் அது செத்த ஒயர் என்று நினைப்பார்.

ரெயில் கால்களை எடுத்ததும் கூரைத் துளைகளை அன்றைக்கே அடையுங்கள். ஓட்டைக்குள் தூசியை ஊதி எடுத்து, கான்கிரீட் என்றால் சுருங்காத கிரவுட்டும் மேலே நீர்த்தடுப்புப் பூச்சும், தகரம் என்றால் ரப்பர் வாஷர் போட்ட ஸ்குரூவும் பாலியூரித்தேன் சீலன்ட்டும்.  அடைத்து, காய்ந்தபின் ஒவ்வொரு துளை மேலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கீழே வந்து பாருங்கள்.